எழுபதினாயிரம் கையொப்பங்கள்

திருவனந்தபுரத்தில் அரசுத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே உள்ள சந்திப்புக்கு 'ஸ்டாச்யூ' என்று பெயர். பேருந்து நடத்துநரும் கடைக்காரரும் அப்படியே சொல்லுவர். அங்கே நிற்கும் சிலை யாருடையது என்று நின்று பார்ப்போர் சிலரே. அச்சிலைக்கு உரியவர் சர் டி. மாதவ ராவ். 1828-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில், தஞ்சை மராட்டியர் குடும்பம் ஒன்றிலே பிறந்து, திருவிதாங்கூரிலும், பின்னர் இந்தூரிலும், அதன்பின் பரோடாவிலும் திவானாக இருந்து ஆட்சி நடத்தியவர். காவிரிக் கரையிலே பிறந்த ஒருவர் அரபிக் கடலோரத்திலும் மாளவத்திலும் கூர்ச்சரத்திலும் அரசு நடத்த எங்ஙனம் சென்றார்? அதற்கான தகுதியை அவருக்கு அளித்த பள்ளி எது?

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களிலே வாழும் நமக்கு இக் கேள்வி வெறும் சரித்திர ஆராய்ச்சி அன்று. நம்முள் பலரையும் ஊரை விட்டுப் புறப்படச் செய்தது கையிலிருந்த ஒரு பள்ளிச் சான்றிதழும் அதனால் கிடைத்த ஓர் உத்தியோக உத்தரவுமே. அவ்வாறு புறப்பட்ட முதல் தலைமுறையினருள் பலரை உருவாக்கியது சென்னையில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளி. அந்தப் பெயரில் இன்று அப்படி ஒரு பள்ளி இல்லை. பள்ளியாக அது விளங்கிய காலமும் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளே. அது எவ்வாறு தோன்றிற்று, யாருக்குப் பயன்பட்டது, யாரை வெளியே நிறுத்திற்று என்பவற்றை இங்கே நினைத்துப் பார்ப்போம்.

பள்ளி பிறப்பதற்கு முன்னர்

1822-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, இராஜதானி முழுவதிலும் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். கணக்கு வந்து சேர்ந்தபோது 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 மாணவர் பயின்றனர். மக்கள் தொகையோ 1 கோடியே 28 லட்சம். இவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் எழுத்துக் கூட்டி, ஓலையில் எண்சுவடி எழுதி, நீதி நூல்களை மனப்பாடம் செய்யும் பள்ளிகள். தமிழ் மாவட்டங்களில் இவற்றுள் பயின்றவருள் பிராமணர் அல்லாதாரே மிகுதி என்று அக் கணக்குகள் காட்டுகின்றன. எனினும் பெண் குழந்தைகளின் தொகை மிகக் குறைவு. தீண்டாமைக் கொடுமைக்கு உட்பட்டிருந்த மக்களின் குழந்தைகளும் அங்கே அரியராகவே இருந்தனர்.

இக் கணக்கைக் கண்ட மன்றோ, 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு திட்டம் வகுத்தார். ஜில்லாத் தலைநகரங்களில் 40 பள்ளிகளும் தாலுகாக்களில் 300 பள்ளிகளும் சர்க்கார் செலவில் அமைய வேண்டும். ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் சம்பளம் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டு ஜூலை மாதத்தில் சுற்றுப் பயணத்தின்போது பத்திகொண்டாவில் அவர் வாந்திபேதி கண்டு மறைந்தார். திட்டம் அவரோடு பாதி மாண்டது. திட்டமிட்ட பள்ளிகளில் ஒரு சிறு பகுதியே திறக்கப்பட்டன. திறந்தவற்றுக்கும் போதிய பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்கவில்லை. 1835-ஆம் ஆண்டில் பெண்டிங்கு பிரபுவின் அரசு, கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்விக்கே செலவிடுவது என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டிலேயே சென்னை இராஜதானியின் தாலுகாப் பள்ளிகள் கைவிடப்பட்டன.

கீழே பல சிறு பள்ளிகளா, மேலே ஒரு பெரிய பள்ளியா என்ற வழக்கில் தீர்ப்பு இவ்வாறு ஆயிற்று. இதை நாம் மறவாது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நாம் சொல்ல வந்த பள்ளி இத் தீர்ப்பின் மேலே எழுந்ததாகும்.

மக்கள் கொடுத்த மனு

கல்கத்தாவில் 1817-ஆம் ஆண்டிலேயே இந்துக் கல்லூரி தோன்றிவிட்டது. பம்பாயிலும் எல்பின்ஸ்டன் பெயரால் கல்வி நிலையம் அமைந்தது. சென்னையிலோ அரசு நடத்தும் உயர்தர ஆங்கிலப் பள்ளி ஒன்றேனும் இல்லை. 1837-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் என்பவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கல்வி நன்றாக இருந்தது. ஆயினும் மத மாற்றத்தைப் பற்றிய அச்சம் பெற்றோரை வாட்டிற்று. ஆங்கிலமும் வேண்டும், தம் சமயமும் கெடக்கூடாது என்று எண்ணியவர்களுக்கு அரசுப் பள்ளி ஒன்றே வழியாகத் தோன்றிற்று.

1839-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், சென்னை மக்கள் 70,000 பேர் கையொப்பமிட்ட மனு ஒன்று கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதனை முன்னின்று கொடுத்தவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற தருமப் பணம் வீணாகாமல் கல்விக்குப் பயன்படுவதற்கு உழைத்தவரும் இவரே. அம் மனு பிச்சை கேட்கும் குரலில் எழுதப்பட்டதன்று. மற்ற இராஜதானிகளுக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே அதன் கேள்வி. செலவில் எங்கள் பங்கையும் தருவோம் என்பது அதன் உறுதிமொழி.

தொலைபேசியும் ரயிலும் இல்லாத நாளிலே எழுபதினாயிரம் கையொப்பங்களைத் திரட்டுவது எளிய செயலா? தெருத்தெருவாகச் சென்று, வீட்டுக்கு வீடு எடுத்துச் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். தேர்தலும் சட்டசபையும் பிறக்காத காலத்தில், கல்விக்காகத் தமிழகத் தலைநகரில் எழுந்த முதற் பெரும் பொதுக் குரல் இது என்று சொல்வது மிகையாகாது.

ஒரே மாதத்திற்குள், டிசம்பர் 12-ஆம் நாள், எல்பின்ஸ்டன் பிரபு தம் முடிவை எழுதினார். 'பல்கலைக்கழகம்' என்ற பெயரில் ஒரு நிலையம் அமையும். அதில் கல்லூரிப் பகுதி ஒன்றும் உயர்நிலைப் பள்ளிப் பகுதி ஒன்றும் இருக்கும். நார்ட்டனைத் தலைவராகவும் ஐரோப்பியரையும் இந்தியரையும் உறுப்பினராகவும் கொண்ட ஒரு குழு அதனை நடத்தும் என்பது ஏற்பாடு. ஆனால் கல்லூரியில் சேரத்தக்க மாணவர் அப்போது இல்லை. ஆகவே பள்ளிப் பகுதி மட்டுமே திறக்கப்பட்டது. பெயரோ பல்கலைக்கழகம், உள்ளே நடந்ததோ உயர்நிலைப் பள்ளி! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பெயருக்கும் பொருளுக்கும் இத்தனை தூரம் அமைந்துவிட்ட இடங்களைக் காணும்போது புன்னகை தோன்றாமற் போகாது.

எழும்பூர் வாடகை வீடு

1840-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எழும்பூரில் 'எடின்பரோ ஹோம்' என்ற வாடகை வீட்டில் ஆயத்தப் பள்ளி தொடங்கிற்று. ஹூக்ளிக் கல்லூரியிலிருந்து அழைத்து வந்த கூப்பர் என்பவர் சில மாதங்களே தலைமை வகித்துத் திரும்பிவிட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஏர் பர்ட்டன் பவல். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர் தேர்ச்சி பெற்றவர். 1840-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைக்கு வந்தார். 1841-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உயர்நிலைப் பள்ளி முறையாகத் திறக்கப்பெற்றது.

பவல் பெயர் பெற்ற வானநூல் அறிஞரும் ஆவார். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களைச் சென்னையிலிருந்து பல ஆண்டுகள் நோக்கி, அளவெடுத்து வெளியிட்டவர். தென்வானத்து விண்மீன்களைக் காண்பதற்குச் சென்னை வசதியான இடம் அன்றோ? மாணவர்கள் மாலை வேளைகளில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கூடி வானநூல் கேட்டனர் என்றும், மூங்கிற் குழாயில் கண்ணாடி வில்லைகளைப் பொருத்தி மாதவ ராவ் தொலைநோக்கி செய்து பார்த்தார் என்றும் சொல்லப்படுகிறது. பாடப் புத்தகத்துக்கு வெளியிலும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றுகூடி அறிவைத் தேடிய பள்ளி அது என்பதற்கு இச் செய்தி ஒன்றே போதும்.

ஆங்கில இலக்கியம், கணிதம், சரித்திரம், இயற்கை விஞ்ஞானம், பொருளியல் என்று பாடங்கள் விரிந்தன. முழுப் படிப்பையும் முடித்துக் கடுமையான தேர்வில் தேறியவருக்குத் தேர்ச்சிப் பட்டயம் வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் ஆண்டுதோறும் சிலரே. மாதவ ராவ் 1846-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில் அதைப் பெற்றார். சிறிது காலம் அப் பள்ளியிலேயே பாடமும் கற்பித்தார்.

நான்கு ரூபாய்

பள்ளியின் மாதச் சம்பளம் 4 ரூபாய். இத் தொகையை நாம் இன்றைய கண்ணால் பார்க்கலாகாது. மன்றோ வகுத்த திட்டத்தில் ஒரு தாலுகா ஆசிரியரின் மாத ஊதியம் 9 ரூபாய். அதாவது, இரண்டு மாணவர் கட்டும் சம்பளத்தோடு ஒரு ரூபாயைச் சேர்த்தால் ஒரு சிற்றூர் ஆசிரியர் குடும்பத்தின் மாத வருவாய் வந்துவிடும். எழுபதினாயிரம் பேர் கேட்டுப் பெற்ற பள்ளியில் அந்த எழுபதினாயிரவருள் பெரும்பாலோரின் பிள்ளைகள் காலடி வைக்க இயலாமற் போயிற்று. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் உயர்சாதியினர். அவருள்ளும் வசதி படைத்தோர் அல்லது வசதி படைத்தோரின் ஆதரவு பெற்றோர். பெண்களுக்கு இடமே இல்லை.

1842-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பச்சையப்பர் தருமப் பணத்தில் ஏழை இந்துப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி திறக்கப்பட்டது. அரசுப் பள்ளி பெருமையைத் தந்தது; தருமப் பள்ளி இடம் தந்தது. இரண்டுக்கும் பாடுபட்டவர் ஒரே நார்ட்டன் என்பது கருதத் தக்கது.

ஏழைச் சிறுவன் ஒருவன் இந்தத் தடையைத் தாண்டி உள்ளே வந்த வரலாறும் உண்டு. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த முத்துசாமி, தந்தையை இழந்த பின் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபாய்க்கு வேலை பார்த்தான். பள்ளியின் ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்க்க அவன் நான்கு மாதம் உழைக்க வேண்டும்; உண்ணாமலும் இருக்க வேண்டும். அவன் கூரிய அறிவைக் கண்ட தாசில்தார் ஒருவர் கைகொடுத்து அவனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். அங்கே பவலின் கண்ணில் பட்டான். 1854-ஆம் ஆண்டில் இராஜதானியின் மாணவருக்கென நடந்த ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு அவனுக்குக் கிடைத்தது. அவரே பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகி, 1893-ஆம் ஆண்டில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்த சர் டி. முத்துசாமி ஐயர்.

தெருவிளக்கின் ஒளியிலே படித்து முன்னேறியவர் என்று அவரைக் காட்டி நம் வீட்டுப் பெரியவர்கள் நமக்கு அறிவுரை சொன்னதுண்டு. நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். தெருவிளக்கு மட்டும் அவரை உயர்த்தவில்லை. கைகொடுத்த தாசில்தார் ஒருவர் இருந்தார். தாசில்தாரின் கண்ணிற் படாத ஒரு ரூபாய்ச் சிறுவர்கள் எத்தனை பேரோ!

விவிலியமும் உத்தியோகமும்

எல்பின்ஸ்டனுக்குப் பின் 1842-ஆம் ஆண்டில் கவர்னராக வந்தவர் டுவீட்டேல் பிரபு. 1846-ஆம் ஆண்டில் அரசுப் பள்ளியில் விவிலிய நூலைப் பாடமாக்க வேண்டும் என்று அவர் கருதினார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1844-ஆம் ஆண்டு முதல் 'கிரெசென்ட்' என்ற பத்திரிகையை நடத்தி வந்த கசுலு இலட்சுமிநரசு செட்டியார் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். பொதுக் கூட்டம் கூடிற்று. மறுபடியும் மனு எழுதப்பட்டது. இலண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்கள் கவர்னரின் கருத்தை ஏற்க மறுத்தனர். அரசுப் பள்ளியின் வகுப்பறை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்னும் கொள்கை சென்னையிலே இவ்வாறு நிலைபெற்றது. இன்று அது நமக்கு இயல்பாகத் தோன்றலாம். அன்று அதைப் போராடித்தான் பெற்றனர்.

இதே காலத்தில் மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. 1844-ஆம் ஆண்டு அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு, ஆங்கிலப் பள்ளிகளில் தேறியவருக்கு அரசு உத்தியோகத்தில் முதலிடம் தரவேண்டும் என ஆணையிட்டார். அன்று முதல் படிப்பு என்பது வேலைக்கு வாயில் என்றாயிற்று. அறிவுக்காகக் கேட்ட பள்ளி, உத்தியோகத்துக்கு ஏணியாயிற்று. இதனை நாம் இழித்துக் கூறுவதற்கில்லை. அந்த ஏணியில் ஏறி வந்தவர்களே நாமும்.

ஊர் விட்டுச் சென்றவர்கள்

மாதவ ராவ் 1849-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராகச் சென்றார். 1858 முதல் 1872 வரை திவான். அவருக்குப் பின் அப் பதவிக்கு வந்த ஏ. சேஷய்ய சாஸ்திரி அவரோடு சென்னையில் அதே பள்ளியில் படித்தவர். 1877 வரை இருந்தார். பின்னர் 1880 முதல் 1887 வரை திவானாக இருந்த வெம்பாக்கம் இராமையங்காரும் அப் பள்ளி மாணவரே. ஆக 29 ஆண்டுகளில், நானூ பிள்ளை திவானாக இருந்த மூன்று ஆண்டுகள் நீங்கலாக, ஒரு சமஸ்தானத்தின் ஆட்சி முழுவதும் சென்னையின் ஒரே பள்ளியில் படித்தவர்களிடம் இருந்தது. சேஷய்ய சாஸ்திரி பின்னர்ப் புதுக்கோட்டைக்குச் சென்று 1894 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்து நகரத்தைச் சீர்ப்படுத்தினார்.

இவர்கள் செய்தவை சிறியன அல்ல. மாதவ ராவ் சமஸ்தானத்தின் கடனைத் தீர்த்தார். மிளகு, புகையிலை ஆகியவற்றின் மீது சர்க்காருக்கு இருந்த தனி வியாபார உரிமையை ஒழித்தார். 1865-ஆம் ஆண்டின் விளம்பரத்தினால் சர்க்கார் நிலத்தைப் பயிரிட்ட குடிகளுக்கு அந் நிலத்தில் உறுதியான உரிமை கிடைத்தது. 1866-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1875-ஆம் ஆண்டில் பரோடாவுக்குச் சென்று, இளம் வயதில் அரியணை ஏறிய சயாஜி ராவுக்கு ஆட்சி முறையைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அந்த மன்னரே 1906-ஆம் ஆண்டில் தம் சமஸ்தானம் முழுவதிலும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கினார். 1880-ஆம் ஆண்டில் அவருக்குத் தஞ்சை அரச குடும்பத்துப் பெண்ணை மணம் செய்வித்தபோது, தஞ்சை நாட்டிய மகளிரும் இசைவாணரும் உடன் சென்று பரோடாவில் குடியேறினர். திவான் சென்ற வழியிலே சதிரும் சென்றது.

இத்தனையும் சொன்ன நாம் மற்றொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள தென் திருவிதாங்கூரில் நாடார் சமூகத்துத் தமிழ்ப் பெண்கள், மார்பை மறைத்து ஆடை உடுத்தும் உரிமைக்காக அடியும் அவமதிப்பும் பட்டனர். கலகம் முற்றிய 1859-ஆம் ஆண்டில் திவானாக இருந்தவர் மாதவ ராவே. சென்னை அரசின் வற்புறுத்தலுக்குப் பின் அவ் வாண்டு ஜூலை மாதம் வந்த அரச விளம்பரம், அவர்கள் மேலாடை அணியலாம் என்றது. ஆயினும் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்றும் சேர்த்துச் சொன்னது. விண்மீன்களின் சுழற்சியைக் கற்றுத் தந்த பள்ளி, அண்டை வீட்டுப் பெண்ணின் மானத்தை அளக்கும் கோலைத் தரவில்லை. கல்வி தானாகவே நியாயத்தைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இது ஒரு பாடம்.

மேலும் சில மனுக்கள்

1891-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் ஒரு மனு அளிக்கப்பட்டது. 'மலையாளி மெமோரியல்' எனப் பெயர் பெற்ற அதில் 10,028 பேர் கையொப்பமிட்டிருந்தனர். வெளியூரிலிருந்து வந்தவர்கள், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர்கள், உயர்ந்த உத்தியோகங்களையெல்லாம் நிரப்பிவிட்டார்கள். நாட்டின் மக்களாகிய எங்களுக்கு இடம் எங்கே என்பது அதன் முறையீடு. சென்னைக்கு ஏன் பள்ளி இல்லை என்று 70,000 பேர் கேட்ட கேள்விக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை உண்டோ? அதே பசிதான், வாயிலின் உள்ளே இருந்தவர் மட்டும் மாறினர். இம் மனுவுக்காக முன்னின்று உழைத்த ஜி. பரமேசுவரன் பிள்ளை, சில ஆண்டுகள் கழித்து இந்தியப் பெரியார் வரலாறுகளை எழுதியபோது மாதவ ராவின் வரலாற்றையும் அதில் சேர்த்தார். மனக்குறையும் மதிப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு இது சான்று.

அம் மனுவில் கையொப்பமிட்டவருள் ஈழவ சமூகத்தைச் சேர்ந்த டாக்டர் பல்பு ஒருவர். சென்னையில் மருத்துவம் படித்துத் தேறியும், சாதியின் காரணமாகச் சொந்த நாட்டில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர் மைசூர் சமஸ்தானத்தில் பணி தேடிச் சென்றார். சிலர் கல்வி பெற்றதனால் அழைக்கப்பட்டு வெளியூர் சென்றனர். அவரோ கல்வி பெற்றும் விரட்டப்பட்டு வெளியூர் சென்றார். 1896-ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் ஈழவ மக்கள் 13,176 பேர் தங்களுக்கும் பள்ளியும் பதவியும் வேண்டும் என்று தனி மனு அளித்தனர். ஒரு மனு திறந்த வாயிலின் முன் அடுத்த மனு நிற்கிறது. இந்தியாவின் கல்வி வரலாற்றை ஒரு வகையில் கையொப்பங்களின் வரலாறு என்றே சொல்லிவிடலாம்.

பெயர் மறைந்தது

சென்னைப் பள்ளியின் கதைக்குத் திரும்புவோம். 1853-ஆம் ஆண்டில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. 1854-ஆம் ஆண்டில் சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1855-ஆம் ஆண்டில் அந் நிலையம் 'பிரெசிடென்சி கல்லூரி' என்று பெயர் மாறிற்று; தமிழில் மாநிலக் கல்லூரி. 1857-ஆம் ஆண்டில் உண்மையான பல்கலைக்கழகம் தோன்றியது. பவல் 1862-ஆம் ஆண்டில் இராஜதானியின் பொதுக் கல்வி டைரக்டரானார். 1870-ஆம் ஆண்டில் சேப்பாக்கத்துக் கடற்கரையில், சிஷம் வரைந்த அழகிய செந்நிறக் கட்டிடத்துக்குக் கல்லூரி குடிபெயர்ந்தது. எழும்பூர் வாடகை வீட்டில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி, கல்லூரியின் வரலாற்றில் ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிட்டது.

புதிய பல்கலைக்கழகத்தில் முதன்முதல் பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. ஆங்கிலக் கல்வியின் உச்சியை முதலில் தொட்ட அவர், தம் ஓய்வையெல்லாம் செல்லரித்த தமிழ் ஏடுகளைத் தேடுவதிலே செலவிட்டார். 1887-ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். பின்னர்ச் சேஷய்ய சாஸ்திரி ஆட்சி நடத்திய புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் இருந்தார். அயல்மொழிக் கல்வி தாய்மொழியை மறக்கச் செய்தே தீரும் என்பதில்லை. மறப்பதும் மறவாதிருப்பதும் கற்றவர் கையில் இருக்கிறது. வெளி மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இதை அடிக்கடி எண்ணிப் பார்த்தல் நலம்.

மாநிலக் கல்லூரி இன்று நிற்கும் கடற்கரைச் சாலைக்குக் காமராஜர் பெயர் வழங்குகிறது. பன்னிரண்டு வயதளவிலே பள்ளியை விட்டவர் அவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1956-ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மன்றோ காகிதத்தில் வரைந்து, அடுத்து வந்தவர்கள் கைவிட்ட அந்தக் கீழ்ப்படிகளை, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் கட்டிக் கொடுத்தார். தாசில்தாரின் கண்ணிற் படாத ஒரு ரூபாய்ச் சிறுவர்களுக்கும் அப்போதுதான் வழி திறந்தது.

அந்த 1839-ஆம் ஆண்டு மனுவில் கையொப்பமிட்டவருள் பெரும்பாலோர் தாம் கேட்ட பள்ளியால் தம் குடும்பத்துக்கு எந்தப் பயனும் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் கேட்டார்கள். நாம் இன்று எங்கெங்கோ இருந்து, நம் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வாழ்கிறோம். அவற்றின் அடியில் நமக்குத் தெரியாத எத்தனையோ பேரின் கையொப்பங்கள் மறைந்து கிடக்கின்றன. நாம் குடியேறிய ஊர்களிலும் பள்ளிக்காகவும் பதவிக்காகவும் இன்று ஒரு புதிய மனு எழுதப்பட்டுக்கொண்டிருக்கக் கூடும். அதனை நமக்கு எதிரானது என்று மட்டும் படிக்காமல், நம் பாட்டன்மார் எழுதியதன் தொடர்ச்சி என்றும் படிக்கக் கற்றுக்கொண்டால், எழும்பூர் வாடகை வீட்டில் தொடங்கிய அந்தப் படிப்பு நம்மிடத்தில் நிறைவு பெறும்.